தண்ணீருக்கடியில் மட்டும் வலித்த பல்

என் தம்பி பெனின் சிப்பிக்கு முங்குகிறவன். முட்டத்துக்கு மேற்கே எங்கள் ஊர்க் கடலில் கரையை விட்டுச் சற்றுத் தள்ளிப் பாறைகள் உண்டு. சில வெளியே தலை காட்டும், சில தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். உள்ளே கிடக்கும் பாறைகளில்தான் நல்ல சிப்பி ஒட்டியிருக்கும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கையில் ஓர் உளி, இடுப்பில் மால் என்று நாங்கள் சொல்லும் வலைப்பை, அதிலிருந்து மேலே வள்ளத்துக்கு ஒரு கயிறு. அவனுடைய தொழில் சாமான்கள் இவ்வளவுதான். மூச்சு விடக் குழாய் எதுவும் கிடையாது. ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழே போக வேண்டும். அந்த மூச்சு தீருவதற்குள் கொத்தி, பையில் போட்டு, மேலே வந்துவிட வேண்டும்.

என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவனைப்போல மூச்சுப் பிடிக்கிறவன் எங்கள் கரையில் இல்லை. ஒருமுறை எங்கள் ஊர் வள்ளம் ஒன்றின் நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. நல்ல முங்குகாரர்கள் பலர் போய்ப் பார்த்துவிட்டு, கயிற்றை அறுத்துவிடுங்கள் என்று சொல்லி மேலே வந்துவிட்டார்கள். பெனின் போனான். கரையில் நின்ற பெண்கள் சிலுவை போட ஆரம்பித்தபிறகுதான் அவன் தலை தெரிந்தது. மூக்கிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கையில் நங்கூரத்தின் கொக்கி. அந்த வள்ளக்காரர் இன்றைக்கும் என்னைச் சந்தையில் கண்டால் அவனைத்தான் முதலில் விசாரிப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பாவைக் கடல் கொண்டுபோனபிறகு வீட்டில் ஒருவர்தான் தொடர்ந்து படிக்க முடியும் என்று ஆனபோது, படிக்கட்டும் என்று அவனை விட்டேன். அவனோ படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் கொத்திக்கொண்டு வருகிற சிப்பியைப் பிரித்து, கழுவி, அவித்து, திங்கள்சந்தையில் கொண்டுபோய் விற்பது என் வேலை. பெனின் கொண்டுவரும் சிப்பியில் ஓடு உடைந்தது இருக்காது, குஞ்சு இருக்காது. சின்னதைப் பாறையிலேயே விட்டுவிடுவான். அவசரமாகக் கொத்துகிறவர்களால் அப்படிச் செய்ய முடியாது. மூச்சு மிச்சம் இருக்கிறவனால்தான் முடியும்.

அவனுக்கும் அவனோடு வள்ளத்தில் போகும் ஆன்ட்ரூஸுக்கும் ஒரு பழக்கம். முங்கி வந்து வள்ளத்தில் ஏறியதும் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். உடம்பு விறைக்காது, அடுத்த மூச்சுக்குத் தெம்பு வரும் என்பது அவர்கள் கணக்கு. அது மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். கரைவதற்குள் மறுபடி முங்கிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து இப்படித்தான். பெனின் எப்போதும் வலது பக்கம் ஒதுக்குவான்.

பல்வலி என்று அவன் முதலில் சொன்னபோது நான் கரையில் உட்கார்ந்து சிப்பி பிரித்துக்கொண்டிருந்தேன். வள்ளத்தை ஏற்றிவிட்டு இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள்.

“ஏலே, கீழ போனா எனக்குப் பல்லு வலிக்கு,” என்றான் பெனின்.

“கீழ போனா வலிக்கா? அப்பம் போகாத. வள்ளத்துல இருந்துட்டு சிப்பியக் கூப்பிடு, அதுவா ஏறி வரும்,” என்றான் ஆன்ட்ரூஸ்.

“வெளயாடாத. எனக்க உளிய எடுத்து ஆரோ எனக்க பல்லுக்குள்ளயே கொத்துகது மாதிரி இருக்கு. மேல வந்தா ஒண்ணுமே இல்ல.”

“அது சிப்பிக்க சாபமாக்கும். இத்தன காலம் நீ கொத்துன. இப்பம் அது திருப்பிக் கொத்துகு.”

பெனினும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் வலிக்காமல் தண்ணீருக்கடியில் மட்டும் வலிக்கிற நோவை நான் கேள்விப்பட்டதே இல்லை. மறுவாரம் அவனை விடாமல் நச்சரித்து நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பல் பார்ப்பவர் பிரிஜா டாக்டர், சின்ன வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் மட்டும் எப்படி இவ்வளவு போச்சு?” என்று கேட்டார். பெனின் கருப்பட்டிக் கதையைச் சொன்னான். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு படம் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

“கீழ கடைசிப் பல்லுல ஓட்டை. மேல வாய் சின்னது, உள்ள குகை மாதிரி இருக்கு. அதுக்குள்ள காத்து அடைஞ்சு கெடக்கு. நீங்க ஆழத்துக்குப் போகும்போது தண்ணி அழுத்துதுல்லா, அப்போ அந்த நரம்பு தாங்காது. அதான் அங்க மட்டும் வலிக்கு.”

“அப்பம் அடைச்சு விடுவியளா, டாக்டர்?”

“அடைக்கிற கட்டம் தாண்டிப்போச்சு. எடுத்துரணும். இதுக்கு நேர் மேல் வரிசையில ரெண்டு பல்லும் கெட்டிருக்கு, அதையும் எடுக்கணும், ஆனா அது கொஞ்சம் பொறுக்கும். இது பொறுக்காது.”

“எடுத்தா எப்பம் கடலுக்குப் போலாம்?”

“காயம் நல்லா ஆறுற வரைக்கும் முங்கக் கூடாது.”

பெனின் என்னைப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டு மழை விடாமல் பெய்து, ஆற்றுத் தண்ணீர் கடலில் விழுந்து, கடல் நெடுநாள் கலங்கிக் கிடந்தது. கலங்கல் நீரில் முங்க முடியாது. பாறையும் தெரியாது, கையும் தெரியாது. கலக்கம் அடங்கிக் கண்ணாடிபோல ஆவதை எங்கள் ஊரில் தெளிவு என்போம். தெளிவு அப்போதுதான் வந்திருந்தது. எவ்வளவு நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“தெளிவு முடிஞ்சதும் வாறேன், டாக்டர்,” என்றான்.

பிரிஜா டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்தார். “ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கிடுங்க. இந்த நரம்பு சாகப் போகுது. செத்ததும் வலி தானா நின்னுரும். அப்போ நல்லாயிட்டுன்னு நெனச்சிராதீங்க. அதுக்கப்புறம்தான் சீழ் வழி தேடும். கீழ் கடைசிப் பல்லுக்கு வேரு நீளம். அது நாக்குக்கு அடியில, கழுத்துக்கு எறங்கிச்சுன்னா மூச்சே அடைச்சுப்போகும்.”

மாத்திரை எழுதிக் கொடுத்தார். படி இறங்கும்போது பெனின் என் தோளைத் தட்டினான்.

“அக்கா, எனக்கு மூச்சடைக்குமாம். கேட்டியா?”

சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது.

மாத்திரை தின்று முடிப்பதற்குள்ளேயே வலி நின்றுவிட்டது. ஆழத்துக்குப் போனாலும் ஒன்றும் இல்லை என்றான். அவன் மனைவி ஸ்மிதா குருசடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். ஆன்ட்ரூஸ், “சிப்பி மன்னிச்சுட்டுடே,” என்றான். தெளிவும் கலையாமல் நீடித்தது. இருவரும் மால் நிறைய நிறையக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம்போலச் சிப்பி எங்கள் கையில் வந்ததே இல்லை.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. எதையும் நான் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன். சிப்பி பிரிக்கிற பழக்கம் அது, நூற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் சட்டி முழுதும் போய்விடும். பெனின் இடது பக்கத்தில் மட்டும் மென்று சாப்பிட ஆரம்பித்திருந்தான். அவனுக்கே அது தெரியவில்லை. பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருநாள் அவித்த சிப்பியை எடுத்துக் கொடுக்கும்போது ஸ்மிதா என் காதருகே வந்தாள்.

“மைனி, இவருக்க வாயி எலி செத்துக் கெடக்குத மாதிரி நாறுகு. சொன்னா வெப்ராளப்பட்டு மொகத்தத் திருப்புகாரு.”

“ஈறு வீங்கியிருக்கா?”

“ஒரு குரு வருகு. உடைஞ்சு போவுது. பொறவும் வருகு. வலி இல்லல்லா, விடு எங்காரு.”

நான் போய்ச் சொன்னேன். “தெளிவு முடியட்டும், அக்கா,” என்றான். தெளிவு முடியவில்லை.

அந்த வாரம் கடலில் சொறி வந்தது. கஞ்சித் தண்ணீர்போல வெளுத்து, கையும் காலும் இல்லாமல் மிதக்கிற ஜெல்லிமீன். சில வருஷம் ஒன்றிரண்டு வரும். அந்த வருஷம் கரை ஓரமெல்லாம் ஒதுங்கிக் கிடந்தது. மிதித்தவர்கள் துள்ளினார்கள். கட்டுமரக்காரர்கள் பலர் போகவில்லை. பெனினும் ஆன்ட்ரூஸும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

பெனின் எப்போதும் கடைசியில் கரைக்கு வருகிறவன். அன்றைக்கு வெயில் ஏறும் முன்பே அவர்கள் வள்ளம் திரும்பி வந்தது. மால் பாதிகூட இல்லை. பெனின் வலது தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு இறங்கினான். கையை எடுத்ததும் பார்த்தேன். தாடை எலும்பு எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வீங்கியிருந்தது.

“சொறி பட்டுட்டு,” என்றான் ஆன்ட்ரூஸ். தன் கையைத் தூக்கிக் காட்டினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சாட்டையால் அடித்ததுபோல சிவந்த வரிகள். “ரெண்டு பேருக்கும் பட்டுட்டு. அவனுக்குக் கழுத்துல.”

கரையில் நின்றவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்த வாரம் கடலிலிருந்து வீக்கத்தோடு வந்தவன் எவனுக்கும் வேறு காரணம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கடலில் போகிறவர்களுக்கு வீக்கம் என்றால் கடல்தான். எங்கள் தெருவில் சொறிக்குப் பண்டுவம் பார்க்கிறவள் டெல்சி. சிப்பி வறுக்கிற இரும்புச் சட்டியில் கடல் மணலை வறுத்து, துணியில் முடிந்து, சூட்டோடு ஒத்தடம் கொடுப்பாள். எத்தனையோ பேருக்கு அதில் சுகம் கண்டிருக்கிறது. செய்தி கேட்டதும் சட்டியோடு பெனின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“வாய மூடிட்டு இரி, மக்கா. வெஷம் சூட்டுக்கு எறங்கிரும்,” என்று சொல்லி, வீக்கத்தின் மேல் வைத்து அமர்த்தினாள். பெனின் கண்ணை மூடிக்கொண்டான். “சொகமா இருக்கு,” என்றான்.

மணல் ஆறியதும் மறுபடி வறுத்துக் கட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஒத்தடத்துக்குப் பிறகும் வீக்கம் வடியவில்லை, இடம் மாறியது. தாடைக்கடியில் இருந்தது நடுக்கழுத்துக்கு வந்தது. பிறகு இடது பக்கமும் உப்ப ஆரம்பித்தது.

“எறங்குகு பாத்தியா? எறங்கித் தீந்துரும்,” என்றாள் டெல்சி.

நான் துணியை விலக்கச் சொல்லித் தோலைப் பார்த்தேன். ஆன்ட்ரூஸின் கையில் இருந்ததுபோல ஒரு வரிகூட இல்லை. விரலால் அழுத்தினேன். சொறி பட்ட வீக்கம் மெத்தென்று இருக்கும்; சொறிந்துகொண்டே இருக்கத் தோன்றும். இது வள்ளத்துப் பலகையைத் தொடுவதுபோல இருந்தது. பெனின் சொறியவே இல்லை.

“சொறின்னா வரி எங்க டெல்சி?” என்று கேட்டேன்.

“செலருக்கு வரி விழாது.”

“அரிப்பும் வராதோ?”

டெல்சி அடுப்புப் பக்கம் திரும்பினாள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

அப்போது பெனின் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. சுடச்சுட மரச்சீனிக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. அவனை வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது, அடியில் ஏதோ முட்டுக் கொடுத்ததுபோல. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாய் வழியாக ஒழுகவிட்டான். அந்த நாற்றம் அறை முழுவதும் பரவியது. ஸ்மிதா சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் என் கையைப் பிடித்து இழுத்து, என் காதருகே வாயை வைத்து மறுபடி சொன்னான். இந்தமுறை புரிந்தது.

“அக்கா, எனக்க மூச்சு சின்னதாவுது.”

மூச்சைப் பற்றி அவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் அதை அளந்து அளந்து செலவழித்தவன் அவன். நான் எழுந்து நின்றேன். பிரிஜா டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. நாக்குக்கு அடியில், கழுத்துக்கு, மூச்சு.

“ஏலே ஆன்ட்ரூஸ், ஓடு. ஆட்டோ கூட்டிட்டு வா. இது சொறி இல்ல, பல்லு.”

“வலி நின்னுட்டே, அக்கா?”

“ஓடுலே!”

ஆட்டோவில் நடுவில் அவனை உட்கார வைத்து இரண்டு பக்கமும் நானும் ஸ்மிதாவும் ஏறினோம். ஆன்ட்ரூஸ் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இடுங்கி உட்கார்ந்தான். ஸ்மிதா பெனினைத் தன் மடியில் சாய்க்கப் பார்த்தாள். அவன் முழங்கையால் தள்ளினான். மறுபடி சாய்த்தாள். இந்தமுறை வலிக்கிற மாதிரியே தள்ளினான். முன்னால் குனிந்து, இரண்டு முழங்கால்களிலும் கையை ஊன்றி, மோவாயை நீட்டி வைத்துக்கொண்டான். மல்லாத்தியிருந்தால் நாக்கும் வீக்கமும் பின்னால் விழுந்து அந்த நிமிஷமே அடைத்திருக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியாது. அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அம்மாண்டிவிளை தாண்டினோம். அவன் மூச்சு இழுக்கிற சத்தம் ஆட்டோ சத்தத்துக்கு மேலே கேட்டது. கீறல் விழுந்த மூங்கிலுக்குள் காற்று நுழைகிற சத்தம். ஸ்மிதா அழுதுகொண்டே ஜெபமாலை சொன்னாள். எனக்கு ஜெபம் வரவில்லை. அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொருவனாக இருந்தால் பதறி, வேகவேகமாக இழுத்து, இருக்கிற வழியையும் அடைத்துக்கொண்டிருப்பான். பெனின் பதறவில்லை. மெதுவாக, நூல் பிடிப்பதுபோல, ஒவ்வொன்றாக இழுத்தான். பாறை இடுக்கில் மால் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று புதிதாக முங்க வருகிறவர்களுக்கு அவன் சொல்லிக் கொடுப்பதுண்டு. அசையாதே, பயப்படாதே, பயம்தான் மூச்சைத் தின்னும் என்பான். வெள்ளிச்சந்தையில் ஒரு லாரி குறுக்கே நின்றது. ஓட்டுநர் கத்தினார், ஆன்ட்ரூஸ் இறங்கி ஓடி லாரிக்காரனிடம் கெட்ட வார்த்தை சொன்னான். அந்த நேரம் முழுவதும் பெனின் தன் காலடியில் இருந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவுடனே ஓடி வந்தார்கள். படுக்க வைக்கவில்லை; உட்கார்ந்தபடியே தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

“பல்லுல இருந்து எறங்கின சீழ். வாய் வழியா குழாய் போட முடியாது, எடமே இல்ல. கழுத்துல முன்பக்கம் ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விட வைக்கணும். உடனே செய்யணும்.”

அது பெனினின் காதில் விழுந்தது. ஒரு கையைத் தூக்கித் தொண்டையை மூடிக்கொண்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

ஸ்மிதா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஓட்ட போட்டா பொறவு இவரு எப்பிடி டாக்டர் முங்குவாரு? தண்ணி உள்ள போயிராதா? இவருக்கு வேற வேல தெரியாது.”

“முங்குறதா? இவரு இப்ப கரையிலேயே முங்கிட்டு இருக்காரும்மா,” என்றார் டாக்டர். “ஓட்டை பொறவு மூடிரும். இவர் சம்மதிக்கணும், இல்ல நீங்க சம்மதிக்கணும். யோசிக்க நேரம் இல்ல.”

ஸ்மிதா என்னைப் பார்த்தாள். நான் பெனினைப் பார்த்தேன். தொண்டையில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. மார்புக் குழி உள்ளே உள்ளே போய் வந்தது. கண் வெள்ளை சிவந்துவிட்டது. மூச்சு இழுக்கிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சத்தம் குறைவது நல்லதுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“ஏலே பெனினு,” என்று ஆன்ட்ரூஸ் அவன் முகத்துக்கு நேரே குனிந்தான். அவன் கன்னமெல்லாம் கண்ணீர். “எத்தன தடவ கீழ கெடந்திருக்க. எப்பம் மேல வரணும்ணு உனக்குத் தெரியாதா? தெரியாதாலே?”

பெனின் மற்றக் கையால் ஆன்ட்ரூஸின் சட்டையைப் பிடித்தான். இழுத்தான். ஒரு கணம் விட்டு மறுபடி இழுத்தான். ஆன்ட்ரூஸ் திரும்பிக் கத்தினான்.

“தூக்கச் சொல்லுகான்! டாக்டர், தூக்கச் சொல்லுகான்!”

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே இருக்கிறவன் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால், வள்ளத்தில் இருக்கிறவன் தூக்க வேண்டும். எங்கள் கரையில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. “சம்மதிச்சுட்டான், டாக்டர். செய்யுங்க,” என்றேன். பெனின் தொண்டையிலிருந்து கையை எடுத்தான்.

கதவை மூடினார்கள். வெளியே நாங்கள் நின்ற இடத்துக்கு உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஸ்மிதா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆன்ட்ரூஸ் தன் கையிலிருந்த வரிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, “மூச்சு வருது,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கழுத்தைக் கீறிக் குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். அந்தக் கடைசிப் பல்லையும் எடுத்தார்கள். பல் பிரிவு டாக்டர் அதை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். மேலே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிதான். திருப்பிக் காட்டியபோது உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. வேரின் நுனி அழுகிய தேங்காய் நாரைப்போல இருந்தது. சூடு வைத்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். சூடு வைத்தால் இது இன்னும் பரவத்தான் செய்யும் என்றார். இதை நான் டெல்சியிடம் நேராகவே சொன்னேன். தெரிந்தால்தானே அடுத்தவனுக்கு அவள் சட்டியை அடுப்பில் வைக்காமல் இருப்பாள். அவள் வார்டுக்கு வந்து பெனினின் காலடியில் நின்று அழுதாள். தொண்டையில் குழாய் இருந்ததால் அவனால் பேச முடியவில்லை. கையால் மணல் வறுக்கிறதுபோல ஆட்டிக் காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தான். டெல்சிக்கு அழுகை கூடியது.

குழாயை எடுத்து, ஓட்டை மூடி, வீட்டுக்கு வந்தபிறகும் நெடுநாள் அவன் படுத்துத் தூங்கவில்லை. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவான். நடுவில் விழித்து, கழுத்துத் தழும்பில் கை வைத்துப் பார்ப்பான் என்று ஸ்மிதா சொன்னாள். குரல் கரகரத்துவிட்டது. அந்தக் குரலில் அவன் முதலில் உருப்படியாகச் சொன்னது, “அக்கா, மத்த ரெண்டு பல்லு,” என்பதுதான்.

யாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவனாகவே பிரிஜா டாக்டரிடம் போனான். ஊரில் பலர் பேசினார்கள். ஆடாத, வலிக்காத பல்லை ஏன் பிடுங்க வேண்டும், பயந்துபோய்விட்டான் என்றார்கள். பயந்துதான் போயிருந்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று என் தம்பிக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியைச் சாய்க்காமல் உட்கார்ந்த வாக்கிலேயே எடுக்கும்படி டாக்டரிடம் கேட்டுக்கொண்டானாம். அவரும் நின்றுகொண்டே சிரமப்பட்டு எடுத்துக் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகும் முங்க அனுமதி கிடைக்கவில்லை. உள்காயம் ஆற வேண்டும் என்றார்கள். கடல் ஒருமுறை கலங்கி, மறுபடி தெளிய ஆரம்பித்திருந்தது. ஆன்ட்ரூஸ் வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டு போய்வந்தான். பெனின் தினமும் கரைக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சிப்பி பிரிப்பான். ஒரு சாயங்காலம் ஆன்ட்ரூஸ் வந்து எங்கள் எதிரில் குந்தினான்.

“நாளைக்கு நல்ல தெளிவுடே. ஆனப்பாறையில இதுவர ஆருமே தொடல்ல. நீ சும்மா வள்ளத்துல வந்து இரி. முங்காண்டாம். உன்ன பாத்தா சிப்பிக்கே ஒரு மரியாத.”

பெனின் நிமிர்ந்தான். சிப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆன்ட்ரூஸின் முகத்துக்கு அருகே போனான். மூக்கை உறிஞ்சினான்.

“என்னலே மணத்துப் பாக்க? பட்டி நாயாட்டம்?” என்றான் ஆன்ட்ரூஸ்.

“வாயத் தெற.”

“போலே. நீ பல்லு டாக்டராயிட்டியா?”

“தெறலே.”

ஆன்ட்ரூஸ் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். பெனின் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்தான். இடது பக்கம், கீழே, கடைசி. நானும் எட்டிப் பார்த்தேன். பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. அதன் அடியில் ஈறில், அரிசி அளவுக்கு ஒரு குரு.

“இது வலிச்சுதா?”

“அது எப்பமோ. கீழ போனா கொஞ்சம் குத்தும். உனக்கு வந்தது மாதிரிதான்.” ஆன்ட்ரூஸ் வாயைத் துடைத்துக்கொண்டான். “இப்பம் இல்ல. போன மாசத்தோட நின்னுட்டு. இப்பம் வலியே இல்லடே.”

சொல்லி முடித்தபிறகுதான் அவன் எங்கள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

பெனின் வள்ளத்துக்குப் போய் ஆன்ட்ரூஸ் முங்கும்போது போடுகிற கண்ணாடியை எடுத்து வந்து தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

“நாளைக்குத் தெளிவுலே,” என்றான் ஆன்ட்ரூஸ் மெதுவாக.

“தெரியும்,” என்றான் பெனின்.

மறுநாள் காலை கடல் அப்படி இருந்தது. கரையில் நின்றாலே உள்ளே கிடந்த பாறைகள் கறுப்பாகத் தெரிந்தன. மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. அவர்களுடையது மட்டும் மணலில் கவிழ்ந்து கிடந்தது. நாகர்கோவில் பஸ்ஸுக்கு இருவரையும் அனுப்ப நானும் நிறுத்தம்வரை போனேன். பெனின் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தான். படியில் கால் வைத்த ஆன்ட்ரூஸ், தாடைக்கடியில் இடது பக்கத்தில் இரண்டு விரல் வைத்து அழுத்திப் பார்த்தான். வலது பக்கத்தையும் அழுத்திப் பார்த்தான். பிறகு மறுபடியும் இடது பக்கத்தை.